தமிழ் இலக்கணத்தை ஆங்கில வகுப்புக்கு வெளியே நிறுத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முதலாம் ஆண்டுப் பதிவு நேரம் வந்துவிட்டால் எங்கள் ஊரில் ஒரே பேச்சுதான். தமிழ்ப்பள்ளியில் போட்டால் பிள்ளைக்கு ஆங்கிலம் வராதாம். மளிகைக் கடையில், கோயில் பந்தலில், ஏன், சாவு வீட்டில்கூட இதைக் கேட்டிருக்கிறேன். பதில் சொல்பவர்கள் உடனே தாய்மொழிப் பற்று, பண்பாடு என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஆங்கில இலக்கணம் என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தமிழ்ப்பள்ளியில் தமிழ் இலக்கணத்தை ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கு ஆங்கில இலக்கணத்தில் பாதி ஏற்கெனவே தெரியும். உனக்கு இது தெரியும் என்று அந்தப் பிள்ளையிடம் யாரும் சொல்வதில்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

இதைச் சொல்ல நான் யார் என்று கேட்பீர்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்ட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன். நான் சேர்ந்தபோது ரப்பர், ஓய்வு பெறும்போது செம்பனை. தொழிலாளர் வருகை, சம்பளக் கணக்கான செக்ரோல் எழுதுவேன். மாதக் கடைசியில் மானேஜருக்கு ஆங்கிலத்தில் அறிக்கை தட்டுவேன். லயத்து மக்களுக்கு பேங்க், ஆஸ்பத்திரி, மகனுடைய வேலை விண்ணப்பம் என்று கடிதம் எழுதித் தருவேன். ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் எதுவும் என்னிடம் இல்லை. இப்போது சாயங்காலத்தில் கோயில் மண்டபத்தில் சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். காசு வாங்குவதில்லை, அதனால் சத்தம் போடும் உரிமை எனக்கு முழுதாக உண்டு.

பிள்ளைகள் எல்லாரும் ஒன்றை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் சொல் எட்டு வகை: நவுன், ப்ரோநவுன், வெர்ப், அட்ஜெக்டிவ், அட்வெர்ப், பிரிபொசிஷன், கன்ஜங்ஷன், இன்டர்ஜெக்ஷன். மூச்சு விடாமல் வரும். ஆறாம் ஆண்டுப் பையன் ஒருவனிடம், ‘நவுன்னா என்னடா?’ என்றேன். ‘நவுன் இஸ் எ நேமிங் வேர்ட், தாத்தா.’ ‘நேமிங் வேர்ட்னா?’ அவன் பக்கத்திலிருந்தவனைப் பார்த்தான், பக்கத்திலிருந்தவன் மின்விசிறியைப் பார்த்தான். சரி, பெயர்ச்சொல் என்றால் என்ன என்று மாற்றிக் கேட்டேன். பொருட்பெயர், இடப்பெயர், காலப்பெயர், சினைப்பெயர், பண்புப்பெயர், தொழிற்பெயர் என்று ஆறும் உதாரணத்தோடு வந்து விழுந்தன. சினைப்பெயருக்கு அவன் சொன்னது செம்பனை மட்டை. புத்தகத்தில் அது இருக்காது, அவன் வீட்டு வாசலில் இருக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னதும், ‘இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே தாத்தா’ என்று என்னிடமே சலித்துக்கொண்டான்.

நவுனோடு இது நிற்பதில்லை. இடைநிலைப்பள்ளிக்குப் போன பிள்ளைகளைக்கூடக் குழப்புகிற ஒன்று, சொல்லின் கடைசியில் வரும் ‘இங்’. அது வந்தால் வெர்ப் என்று எங்கேயோ யாரோ சொல்லிவிட்டார்கள், பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். ‘தி பாய் இஸ் ஸ்விம்மிங்’ என்பதில் சரி, அது வெர்ப்தான். ‘ஸ்விம்மிங் இஸ் குட் ஃபார் யூ’ என்பதில் அது நவுன் ஆகிவிடுகிறது. ‘லுக் அட் தி ஸ்விம்மிங் பாய்’ என்றால் பையனை விவரிக்க வந்துவிடுகிறது. ஒரே உருவம், மூன்று வேலை. ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதை விளக்கப் பாருங்கள், ஜெரண்ட், பார்ட்டிசிபிள் என்று இரண்டு புதுப் பெயர்களைச் சொல்லி, அந்தப் பெயர்களை விளக்கவே அரை மணி நேரம் போய்விடும். தமிழில் இந்த மூன்றுக்கும் உருவமே வேறு. நீந்துகிறான், நீந்துதல், நீந்தும் பையன். முதலாவது வினைமுற்று, இரண்டாவது தொழிற்பெயர், மூன்றாவது பெயரெச்சம். ஆங்கிலம் மூடி வைத்திருப்பதைத் தமிழ் வெளிப்படையாகக் காட்டுகிறது. இந்த மூன்று தமிழ் வரிகளையும் ஆங்கில வரிகளுக்கு நேராக எழுதிப் போட்டால் போதும். எந்த ‘இங்’ எது என்று பிள்ளைகள் தாங்களே பிரித்துவிடுகிறார்கள்.

அட்ஜெக்டிவும் அட்வெர்பும் அப்படித்தான். பெயரடை, வினையடை தமிழ்ப்பள்ளியில் கற்பிக்கப்படுகின்றன. அழகான, அழகாக. வேகமான, வேகமாக. ‘ஆன’ வந்தால் பெயருக்கு அடை, ‘ஆக’ வந்தால் வினைக்கு அடை. பியூட்டிஃபுல், பியூட்டிஃபுலி என்பதற்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது. ஆனால் ஆங்கிலம் இங்கே கொஞ்சம் ஏமாற்றும். ‘ஃபாஸ்ட்’ இரண்டு வேலைக்கும் அப்படியே நிற்கும். ‘ஃபிரண்ட்லி’ லி-யில் முடிந்தாலும் அட்ஜெக்டிவ்தான். ‘ஹார்ட்லி’ இன்னும் மோசம். எங்கள் அலுவலகத்தில் சின்னக் கிராணி ஒருவர், தோட்டத்து மேற்பார்வையாளரான தண்டலின் மகனுக்கு நற்சான்றுக் கடிதம் தயார் செய்தார். கடுமையாக உழைப்பவன் என்று சொல்ல வந்தவர் ‘ஹீ வொர்க்ஸ் ஹார்ட்லி’ என்று தட்டிவிட்டார். அவன் வேலையே செய்வதில்லை என்று அர்த்தம். கையெழுத்துக்குப் போன கடிதத்தில் மானேஜர் அந்த இடத்தைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, பக்கத்தில் ‘ரொம்ப நேர்மையான சான்று’ என்று எழுதி அனுப்பினார். வேலை கேட்கப் போன பையன் தப்பித்தான்.

வினைச்சொல்லில் நம் பிள்ளைகளுக்கு இருக்கும் வசதியைப் பாருங்கள். மலாய் மொழியில் யார் செய்தாலும், எப்போது செய்தாலும் வினை மாறாது. நேற்று நான் சாப்பிட்டதும் சாயா மாக்கான், இன்று சாப்பிடுவதும் சாயா மாக்கான், அவன் சாப்பிட்டாலும் டியா மாக்கான். தமிழில் நடக்கிறேன், நடக்கிறாய், நடக்கிறான், நடக்கிறாள், நடக்கிறது, நடக்கிறோம் என்று ஆளுக்கு ஒரு விகுதி. ஆங்கிலத்தில் நிகழ்காலத்தில், படர்க்கை ஒருமைக்கு மட்டும் ஓர் ‘எஸ்’. ஐ வாக், யூ வாக், தே வாக், ஷீ வாக்ஸ். இத்தனை விகுதிகளைச் சுமக்கிற பிள்ளைக்கு அந்த ஒற்றை எஸ் ஒரு பாரமே இல்லை. பிறகு ஏன் ‘ஷீ வாக்’ என்று எழுதுகிறார்கள்? ஆங்கிலம் எழுதும்போது அவர்கள் மனத்தில் ஓடுவது மலாய். இரண்டும் ஒரே எழுத்தில் எழுதப்படுவதால் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ‘இங்கே மலாயை விடு, தமிழை நினை’ என்று ஒருவர் சொல்ல வேண்டும். அப்புறம், எஸ் பெயரில் ஏறினால் பன்மை, வினையில் ஏறினால் ஒருமை என்ற கூத்தையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். ‘தி பாய்ஸ் வாக், தி பாய் வாக்ஸ்’ என்று பத்துப் பன்னிரண்டு வரி எழுதினால் கை பழகிவிடும்.

காலமும் அப்படியே. வந்தான், வந்திருக்கிறான், வந்துகொண்டிருக்கிறான் என்ற வேறுபாடு நம் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் பேச்சில் தெரியும். ஹீ கேம், ஹீ ஹேஸ் கம், ஹீ இஸ் கமிங். நம் ஊர் ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் கடைசியில் ஓர் ‘ஆல்ரெடி’ போட்டு முடித்துவிடுகிறோமே, அது மலாய் ‘சூடா’வும் சீனப் பேச்சும் கொடுத்த பழக்கம். சந்தையில் அது போதும். ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம்.மில், ஆங்கிலத் தாள் 1119-இல் போதாது.

எனக்கே பிடித்தமான ஒன்று, ஒரு, ஓர். உயிரெழுத்துக்கு முன் ஓர், உயிர்மெய்க்கு முன் ஒரு என்று தமிழாசிரியர் காது திருகிச் சொல்லிக்கொடுத்த அதே விதிதான் ‘அன்’னும் ‘எ’யும். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்ற ஐந்து எழுத்தில் தொடங்கினால் ‘அன்’ என்று ஆங்கில வகுப்பில் குறுக்குவழி சொல்வார்கள். பிள்ளை ‘அன் யூனிவர்சிட்டி’ என்று எழுதும், சிவப்புக் கோடு விழும். ‘எ ஹவர்’ என்று எழுதும், மறுபடி சிவப்புக் கோடு. நான் அந்தச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதச் சொல்கிறேன். யூனிவர்சிட்டி ‘யூ’வில் தொடங்குகிறது, யானை மாதிரி. ஒரு யானை, எ யூனிவர்சிட்டி. மணிக்குரிய ஆங்கிலச் சொல்லை வாய் எப்படிச் சொல்கிறதோ அப்படி எழுதினால் ‘அவர்’ என்று வரும், உயிரில் தொடங்கும். ஆகவே அன். ‘எம்.பி.’ எகரத்தில் தொடங்குகிறது, அன் எம்.பி. எழுத்தைப் பார்க்காதே, ஒலியைக் கேள் என்று ஆங்கில இலக்கணம் சொல்வதைத் தமிழ் எழுத்து கண் முன்னால் காட்டிவிடுகிறது.

இப்படியே எல்லாம் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. சில இடங்களில் தமிழ் நம்மைக் கைவிடும். ‘அவர் ஆசிரியர்’ என்பதில் வினையே இல்லை. மலாயில் ‘டியா குரு’ என்றாலும் பேச்சில் வாக்கியம் முடிந்துவிடும். இரண்டு மொழியும் சேர்ந்து பிள்ளையை ‘ஹீ டீச்சர்’ என்று எழுத வைக்கின்றன. ‘இஸ்’ எங்கே என்று கேட்டால், எதற்கு என்று திருப்பிக் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ‘தி’ இன்னொரு தொல்லை. நாம் அந்த, இந்த என்று சொல்லிப் பார்க்கலாம், பாதி இடத்தில்தான் பொருந்தும். அதைப் படித்துப் படித்துத்தான் பிடிக்க வேண்டும், குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை.

பிரிபொசிஷன்தான் பெரிய வழுக்குப் பாறை. வேற்றுமை உருபு நமக்குச் சொல்லுக்குப் பின்னால் ஒட்டும், அவர்களுக்கு முன்னால் தனியாக நிற்கும். இங்கே தமிழை வைத்துவிட்டு மலாயைக் கூப்பிட வேண்டும். ‘டி ரூமா’ என்பதில் ‘டி’ முன்னால் நிற்கிறதல்லவா, அதேபோல் ‘இன் தி ஹவுஸ்’. காத்தா செண்டி நாமா என்று தேசிய மொழி வகுப்பில் படித்ததும் இதுதான். இடம் புரிந்துவிடும். ஆனால் எதைப் போடுவது? நமக்கு எல்லாம் ‘இல்’. காரில், பஸ்ஸில், காலையில். அவர்களுக்கு இன் தி கார், ஆன் தி பஸ், இன் தி மார்னிங். அதிலும் திங்கட்கிழமைக்கு ஆன், ஐந்து மணிக்கு அட். காரணம் கேட்கும் பிள்ளையிடம், உள்ளே நின்று நடக்க முடிகிற வண்டி என்றால் ஆன், குனிந்து ஏறி உட்காருகிற வண்டி என்றால் இன் என்று சொல்லிச் சமாளிக்கிறேன். பெரும்பாலும் சரியாக வருகிறது. மோட்டார் சைக்கிளைக் கேட்டு ஒரு பெண் என்னை மடக்கினாள். அதன் மேலேதான் உட்காருகிறோம், அதனால் ஆன் என்றேன். ஒப்புக்கொண்டாள், முழு மனத்தோடு இல்லை.

மலாய் கெடுக்கிற இடமும் உண்டு. சிவப்புச் சட்டை, ரெட் ஷர்ட் இரண்டிலும் அடை முன்னால். மலாயில் பாஜு மேரா, சட்டை முன்னால். ‘ஷர்ட் ரெட்’ என்று எழுதும் பிள்ளைக்குத் தமிழை நினைவுபடுத்தினால் போதும். மூன்று மொழி படிக்கிற பிள்ளைக்கு எந்த இடத்தில் எதை நினைப்பது என்று தெரிந்துவிட்டால், ஒரே மொழி பேசி வளர்கிற பிள்ளைக்குக் கிடைக்காத வசதி அது. நாமோ மூன்று வகுப்பு, மூன்று ஆசிரியர், மூன்று இலக்கணப் பயிற்சிப் புத்தகம் என்று பிரித்து வைத்து, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மாதிரி நடத்துகிறோம்.

எட்டு வகை என்ற கணக்கைப் பார்த்து மலைக்கவும் தேவையில்லை. அது ஆங்கிலேயர் போட்ட கணக்கும் இல்லை. பழைய கிரேக்க இலக்கணக்காரர்கள் எட்டு என்று வைத்தார்கள், அதில் ‘தி’ போன்ற ஆர்ட்டிகிள் தனி வகை. லத்தீனில் ஆர்ட்டிகிளே கிடையாது என்பதால் அதை எடுத்துவிட்டு, இன்டர்ஜெக்ஷனை உள்ளே விட்டு எட்டைச் சரிக்கட்டினார்கள். அட்ஜெக்டிவ் வெகுகாலம் நவுனோடு ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. இப்போது பலர் எ, தி, திஸ், மை முதலியவற்றை டிடெர்மினர் என்று தனியாகப் பிரித்து ஒன்பது என்கிறார்கள். நமக்குப் பெயர், வினை, இடை, உரி என நான்கு. மலாய் பள்ளி இலக்கணத்திலும் பெயருக்கு நாமா, வினைக்கு கெர்ஜா, பிறகு அட்ஜெக்டிப், துகாஸ் என நான்கு. பிரிபொசிஷன், கன்ஜங்ஷன், இன்டர்ஜெக்ஷன் மூன்றையும் மலாய் துகாஸ் என்று ஒரே கட்டாகக் கட்டுகிறது. தமிழும் ஏறக்குறைய அப்படியே இடைச்சொல்லில் கட்டுகிறது. இன்டர்ஜெக்ஷனுக்குப் பாடமே வேண்டாம். நம்முடைய ‘ஐயோ’வை 2016-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியே சேர்த்துக்கொண்டது.

வகையைவிட முக்கியம், சொல் வாக்கியத்தில் என்ன வேலை பார்க்கிறது என்பது. தமிழில் ‘படி’ என்று மட்டும் எழுதிக் காட்டி, இது பெயரா வினையா என்று கேட்டுப் பாருங்கள். மாடிப்படியா, பாடம் படி என்பதா, அரிசி அளக்கும் படியா? வாக்கியம் இல்லாமல் சொல்ல முடியாது. ஆங்கில ‘டேப்’பும் அதுதான். குழாயும் டேப், பால்மரம் வெட்டுவதும் டேப். இதை எங்கள் வட்டாரப் பிள்ளைக்கு விளக்கவே வேண்டாம், அவன் பாட்டியின் வேலையே அது.

நான் இதைக் கண்டுபிடித்தவன் இல்லை. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வரை படித்துவிட்டு, 1969-இல் ஆங்கிலவழி இடைநிலைப்பள்ளியில், முதல் படிவத்துக்கு முந்தைய புகுமுக வகுப்பில் உட்கார்ந்தபோது எங்களுக்கு வாய்த்த ஆசிரியர் கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரிப்பார். இடப்பக்கம் தமிழ் வாக்கியம், வலப்பக்கம் ஆங்கிலம், ஒவ்வொரு சொல்லையும் கோடு இழுத்து இணைப்பார். கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும். நமக்கு வினை கடைசியில், அவர்களுக்கு நடுவில் என்பதை அந்தக் கோடுகளே சொல்லிவிடும். அடுத்த ஆண்டிலிருந்தே ஆங்கிலவழிப் பள்ளிகள் படிப்படியாக மலாய்க்கு மாறத் தொடங்கின. பிறகு 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்குப் போயின, 2012 முதல் திரும்பி வந்தன, 2016-இல், பள்ளி விரும்பினால் அவற்றை ஆங்கிலத்தில் கற்பிக்கலாம் என்ற இருமொழித் திட்டம் வந்தது. திட்டங்கள் போவதும் வருவதுமாக இருக்க, ‘ஹீ டீச்சர்’ மட்டும் அசையாமல் அப்படியே இருக்கிறது.

இப்போது நடப்பது சி.இ.எஃப்.ஆர். என்ற ஐரோப்பிய அளவுகோலை ஒட்டிய பாடத்திட்டம். 2018-இல் வெளிநாட்டுப் பாடநூல்களே வந்தன. கேட்டல், பேசுதல் வழியாக மொழி தானாக உள்ளே போகட்டும் என்பது அதன் போக்கு. தவறு என்று சொல்லமாட்டேன், ஆங்கிலம் காதில் விழுகிற பிள்ளைக்கு. கோலாலம்பூர் பக்கம் டாமான்சாராவில் அப்பாவும் அம்மாவும் ஆங்கிலம் பேசுகிற வீட்டில் ‘ஹீ வாக்’ காதுக்கே கரகரக்கும். எங்கள் பிள்ளைக்கு அந்தக் காது எங்கிருந்து வரும்? வீட்டில் தமிழ், பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் மலாய், ஆங்கிலம் கைப்பேசியில் மட்டும். காது உதவாத இடத்தில் விதி உதவ வேண்டும். விதியைப் பிள்ளைக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் என் வாதம்.

ஆசிரிய நண்பர்கள் சிலர் மறுக்கிறார்கள். ஆங்கில வகுப்பில் தமிழை விட்டால் பிள்ளைகள் மனத்துக்குள் மொழிபெயர்க்கப் பழகிவிடுவார்களாம். இப்போது மட்டும் என்ன செய்கிறார்களாம்? கதவைச் சாத்திக்கொண்டு மொழிபெயர்க்கிறார்கள், அதனால் தப்பு எங்கே நடக்கிறது என்று நமக்குத் தெரிவதில்லை. வகுப்பு முழுதும் தமிழில் நடத்தச் சொல்லவில்லை. வாசிப்பு, பேச்சு, கதை எல்லாம் ஆங்கிலத்திலேயே நடக்கட்டும். புது இலக்கணம் அறிமுகமாகும் அந்தப் பத்து நிமிடத்துக்கு மட்டும் தமிழ் வேண்டும். இன்னொரு மறுப்பு நியாயமானது. சில தமிழ்ப்பள்ளிகளில் ஆங்கில ஆசிரியருக்குத் தமிழ் தெரியாது. அங்கே தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் தவணைத் தொடக்கத்தில் ஒரு மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்தாலே போதும். எந்த வாரம் பெயரடை, எந்த வாரம் அட்ஜெக்டிவ் என்று பார்த்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடலாம். அப்படிச் செய்கிற பள்ளிகள் இருக்கலாம், இருந்தால் அவர்கள் தங்கள் அனுபவத்தை எழுத வேண்டும்.

இந்த நாட்டில் தமிழ்க் கல்வி 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் என்ற ஆங்கிலப் பள்ளிக்குள்ளேதான் தொடங்கியது. இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருந்தவைதான்.

பெற்றோருக்கு ஒன்று. பசார் மாலாமிலும் புத்தகக் கடையிலும் தடிதடியாக ஆங்கில இலக்கணப் பயிற்சிப் புத்தகம் வாங்கிக் கொடுக்கிறீர்கள். முதல் சில பக்கங்களில் விடை நிரம்பியிருக்கும், மீதி வெள்ளையாக இருக்கும். ஒரு தாய் என்னிடம், ‘ஐயா, எந்தப் புத்தகம் நல்லது?’ என்று கேட்டார். உங்கள் பிள்ளையின் தமிழ்ப் பாடநூல் நல்லது என்றேன். கோபித்துக்கொண்டு போனவர், பிறகு மகளை அதே புத்தகத்தோடு அனுப்பினார். அதில் ஒரு பத்தியை எடுத்து வினைமுற்றுகளின் கீழ் கோடு போட வைத்து, அவற்றை ஆங்கிலத்தில் எழுத வைத்தோம். காசு செலவில்லை.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஞாயிறு பதிப்பில் மாணவர்களுக்கென்று பக்கம் ஒதுக்குகிறீர்கள். புதிர், வர்ணம் தீட்டுதல் எல்லாம் இருக்கட்டும். அதில் கால் பக்கம் கொடுங்கள். ஒரே வாக்கியத்தைத் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் அடுத்தடுத்து அச்சிட்டு, எந்தச் சொல் எங்கே நகர்ந்தது, எது காணாமல் போனது, எது புதிதாக முளைத்தது என்று கோடு போட்டுக் காட்டினால் போதும். வாக்கியங்கள் எங்கள் ஊர் வாக்கியங்களாக இருக்கட்டும். கங்காணி, குலை, லாரி, பஸ் நிலையம், தைப்பூசம். எழுத ஆள் கிடைக்கவில்லை என்றால் நான் எழுதி அனுப்பத் தயார், என் ஆங்கிலத்தைத் திருத்த ஓர் ஆசிரியரை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் வாரத்துக்கு ‘அவர் ஆசிரியர்’ என்ற வாக்கியத்தையே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. அதில் காணாமல் போன ‘இஸ்’ஸைத் தேடிக் கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு நீங்கள் பரிசு கொடுத்தாலும் சரி, பெயரைப் போட்டாலும் சரி.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்.